வீட்டுக்கு வைத்தியம்: செருப்பு போட்டுக்கொண்டு மாவாட்டுகிற வீடு

திருவாரூர் பக்கத்தில் இருக்கும் சித்தி வீட்டுச் சமையலறையில், கிரைண்டருக்குக் கீழே ஒரு ஜோடி ரப்பர் செருப்பு எப்போதும் கிடக்கும். வாசலைத் தாண்டி யாராவது செருப்போடு வந்தாலே முகம் சுளிக்கிறவர் சித்தி. அவருடைய அடுப்படியில், அதுவும் சாமி படத்துக்கு நேர் எதிரே செருப்பு கிடப்பதைப் பார்த்து, "என்ன சித்தி இது?" என்று கேட்டேன்.

"அது கிரைண்டர் செருப்புடா. அதைப் போட்டுக்காம மாவைத் தள்ளிவிட்டா சுருக்குன்னு அடிக்கும்."

சொன்ன விதத்தில் ஒரு பதற்றமும் இல்லை. 'பால் பொங்கும், பார்த்துக்கோ' என்பது போலச் சொன்னார்.

"எத்தனை நாளா இப்படி?"

"இருக்கும் நாலஞ்சு வருஷம். உங்க சித்தப்பா ரெண்டு தடவை கடைக்குத் தூக்கிட்டுப் போனார். கிரைண்டர்ல ஒண்ணுமே இல்லைன்னு திருப்பிக் கொடுத்துட்டாங்க. காலையில ஆட்டினாதான் அடிக்கும். சாயங்காலம் அடிக்காது. அதனால இப்பல்லாம் சாயங்காலமாத்தான் ஆட்டறது. ஃப்ரிட்ஜும் அப்படித்தான். காலையில ஈரக் கையோட தொடக் கூடாது."

காலையில் அடிக்கும், சாயங்காலம் அடிக்காது. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கதை கடைசியில் அங்கேதான் வந்து நிற்கப்போகிறது.

இந்தப் பகுதிக்கு வருகிற கடிதங்களில் இதே விஷயம் வேறு வேறு வேஷத்தில் வரும். மோட்டார் சுவிட்சை மரக்குச்சியால் தட்டுகிற வீடு, குளியலறைக் குழாயைத் திறக்கும்போது விரல் நுனியில் ஜிவ்வென்று இழுக்கிற வீடு, மழை வந்தால் துணி காயப்போடுகிற கம்பியைத் தொடாதே என்று குழந்தைகளுக்குச் சொல்லி வளர்க்கிற வீடு. எல்லோரும் அந்தப் பொருளோடு சமாதானமாகப் போகப் பழகிவிடுகிறார்கள். நானும் ஒருவேளை பழகியிருப்பேன். ஆனால் தீபாவளிக்குச் சித்தியின் பேத்தி வருகிறாள். ஒன்றரை வயது. இப்போதுதான் சுவரையும் ஃப்ரிட்ஜையும் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். அவளுக்கும் ரப்பர் செருப்பு மாட்டிவிட்டா நடக்கவிடுவது?

மேலே பளபளப்பு, உள்ளே பழசு

வீடு 1979-ல் கட்டியது. அந்தக் காலத்து வழக்கப்படி சுவரில் மரச்சட்டம் அடித்து, அதன்மேல் கிளிப் போட்டு ஓட்டிய அலுமினிய வயர். கறுப்பு உருண்டை சுவிட்சுகள். மெயின் போர்டில் பீங்கான் ஃப்யூஸ் கட்டைகள். ஃப்யூஸ் போனால் சித்தப்பா நாற்காலி போட்டு ஏறி, பழைய வயரிலிருந்து உருவிய கம்பியை நாலு இழையாக முறுக்கி மாட்டுவார். "இனிமே போகாது" என்று இறங்குவார். அது போகாமல் இருப்பதுதான் ஆபத்து என்று அன்றைக்கு எங்கள் யாருக்கும் தோன்றியதில்லை.

போன வருஷம் பெங்களூரில் இருக்கும் தம்பி பணம் அனுப்பி வீட்டை 'புதுசாக்க'ச் சொன்னான். தெருவில் எல்லோருக்கும் வயரிங் பார்ப்பவர் ஒருவர் இருக்கிறார். சின்ன வயதிலிருந்தே எங்களுக்கு அவர் கரன்ட் மாமா. அவர்தான் வேலையைச் செய்தார். மரச்சட்டம் போய் பிளாஸ்டிக் பட்டி வந்தது. உருண்டை சுவிட்ச் போய் வெள்ளை வெளேரென்ற மாடுலர் சுவிட்ச் வந்தது. பீங்கான் கட்டைகள் இருந்த இடத்தில் கண்ணாடி மூடி வைத்த பெட்டி, அதற்குள் வரிசையாக எம்.சி.பி. ஓரத்தில் கொஞ்சம் அகலமாக இன்னொன்று. அதுதான் ஆர்.சி.சி.பி. பழைய ஆட்கள் ஈ.எல்.சி.பி. என்பார்கள். மின்வாரியம் தன் பாதுகாப்பு அறிவிப்புகளில் மின் கசிவு தடுப்பான் என்று சொல்லி, மெயின் போர்டில் பொருத்தச் சொல்வது இதைத்தான்.

"இது இருக்கும்போது எப்படி ஷாக் அடிக்கும்?" என்று எனக்குச் சந்தேகம். அந்தச் சாதனத்தின் முகத்தில் 'டி' என்று எழுதிய சின்னப் பொத்தான் இருக்கும். சோதனைக்கான பொத்தான். அழுத்தினேன். டப்பென்று நெம்புகோல் கீழே விழுந்தது. அப்பாடா, வேலை செய்கிறது என்று திரும்பினேன்.

தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டே இருந்தது. ஹாலில் டிவி ஓடிக்கொண்டிருந்தது.

மூடியைக் கழற்றாமல் கரன்ட் மாமாவுக்குப் போன் போட்டேன். "அதுவா தம்பி? அது போட்ட நாள்லேருந்து சும்மா சும்மா விழுந்துக்கிட்டே இருந்துச்சு. ஃபேன் போட்டா விழும், லைட் போட்டா விழும். அம்மா ராத்திரியில தூங்க முடியலைன்னாங்க. அதான் உள்ள வர்ற வயரையும் வெளிய போற வயரையும் ஒரே முனையில முறுக்கி விட்டுட்டேன். இப்ப தொந்தரவே இல்ல பாருங்க."

ஆக, காவல்காரன் கேட்டில்தான் உட்கார்ந்திருக்கிறான். ஆனால் வீட்டுக்குள் போக வேறு வழி திறந்திருக்கிறது. பெட்டிக்குள் அது ஒரு கொலு பொம்மை. இதைப் படிக்கிறவர்கள் உங்கள் வீட்டில் அந்தப் பொத்தானை அழுத்திப் பார்க்கும்போது, நெம்புகோல் விழுகிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். வீட்டில் விளக்கு அணைகிறதா என்று பாருங்கள். கம்ப்யூட்டரை முதலில் அணைத்துவிட்டு அழுத்துங்கள்.

ஜீரோ வாட்ஸ் கணக்கு

இங்கே ஒரு சின்ன கணக்கு போட்டால்தான் மீதிக் கதை புரியும்.

பூஜையறையில் எரியுமே ஜீரோ வாட்ஸ் பல்பு, பெயர்தான் ஜீரோ. பழைய குண்டு பல்பு வகையில் அது 15 வாட்ஸ் இழுக்கும். 230 வோல்ட்டில் அது எடுக்கிற கரன்ட் 65 மில்லியாம்பியர். மனித உடம்புக்குள் 10 மில்லியாம்பியரைத் தாண்டிப் போனாலே தசை இறுகி, பிடித்த பொருளை விட முடியாமல் போகலாம். 30-ஐத் தாண்டி நீடித்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். அதாவது, அந்த அழுது வடிகிற பல்பு எடுக்கிற கரன்ட்டில் பாதி ஒரு ஆளைக் கொல்லப் போதும்.

இப்போது எம்.சி.பி-யைப் பாருங்கள். அதில் 6, 16, 32 என்று எழுதியிருப்பது ஆம்பியர். 16 ஆம்பியர் என்றால் 16,000 மில்லியாம்பியர். அதற்கு மேல் போனால்தான் அது கவலைப்படவே ஆரம்பிக்கும். வயர் சூடாகித் தீப்பிடிக்காமல் காப்பது அதன் வேலை. அதை நன்றாகவே செய்யும். ஒரு ஆள் ஷாக் அடித்துத் துடித்துக்கொண்டிருப்பது அதற்குத் தெரியவே தெரியாது. "எங்க வீட்டுல எல்லாம் எம்.சி.பி. போட்டாச்சு" என்று நிம்மதியாக இருக்கும் வீடுகள் ஏராளம். அந்த நிம்மதி பாதிதான் நியாயமானது.

ஆர்.சி.சி.பி. ஒரு கணக்குப்பிள்ளை. ஃபேஸ் வயரில் போன கரன்ட் அத்தனையும் நியூட்ரல் வயரில் திரும்பி வந்ததா என்று ஓயாமல் கணக்குப் பார்க்கும். போனதில் கொஞ்சம் திரும்பவில்லை என்றால், அது வேறு வழியாகத் தரைக்குப் போகிறது என்று அர்த்தம். அந்த வேறு வழி ஈரச் சுவராக இருக்கலாம், உங்கள் உடம்பாகவும் இருக்கலாம். வீடுகளுக்கானது 30 மில்லியாம்பியர் வகை. 15-க்கும் 30-க்கும் இடையில் எங்கோ ஓரிடத்தில் அது விழ வேண்டும். 30 மில்லியாம்பியர் கசிந்தால் 300 மில்லி நொடிக்குள் விழ வேண்டும், கசிவு அதைப்போல் 5 மடங்கானால் 40 மில்லி நொடிக்குள். சுருக்கென்று உங்களுக்குத் தெரியும். உதறுவீர்கள். அதோடு போகும்.

'எர்த் நல்லா இருந்தா இது எதுக்கு?' என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். நம் ஊர் வீடுகளில் பெரும்பாலும் எர்த் என்பது தோட்டத்தில் பள்ளம் தோண்டி நாமே போட்டுக்கொள்வது. அதன் மின்தடை 10 ஓம் என்று வைத்துக்கொள்வோம், மோசமில்லை. கீசரின் உடம்பில் ஃபேஸ் வயர் நேராகவே ஒட்டிவிட்டால்கூட எர்த் வழியாகப் போகிற கரன்ட் 230-ஐ 10-ஆல் வகுத்தால் வருகிற 23 ஆம்பியர்தான். 16 ஆம்பியர் எம்.சி.பி. 23 ஆம்பியரில் விழுவதற்கு ஒரு மணி நேரம்கூட எடுத்துக்கொள்ளலாம். அதுவரை கீசர் உடம்பில் ஆபத்தான வோல்டேஜ் நின்றுகொண்டிருக்கும். அதே எர்த்தோடு ஆர்.சி.சி.பி. இருந்தால், யாரும் தொடுவதற்கு முன்பே கண் இமைக்கும் நேரத்தில் விழுந்துவிடும். இரண்டும் சேர்ந்திருந்தால்தான் உபயோகம்.

பையில் வந்த மூன்று மீட்டர்கள்

மன்னார்குடியிலிருந்து லைசென்ஸ் உள்ள காண்ட்ராக்டர் ஒருவரிடம் வேலை பார்க்கும் பையன் வந்தார். முப்பது வயதுகூட இருக்காது. கையில் கட்டிங் பிளேயரும் டெஸ்டரும் மட்டும் கொண்டுவருகிற ஆட்களையே பார்த்துப் பழகிய சித்தப்பா, அவர் பையிலிருந்து மூன்று மீட்டர்களை எடுத்து வைத்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

"முதல்ல எதையும் மாத்த வேணாம் சார். என்ன இருக்குன்னு பார்த்துடலாம்" என்றார் அந்தத் தம்பி. எனக்கு அப்போதே அவரைப் பிடித்துவிட்டது.

மெயினை அணைத்தார். டிவி, ஃப்ரிட்ஜ், இன்வெர்ட்டர், எல்.இ.டி. பல்புகள் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார். பிறகு மெக்கர். வயரின் மேலுறை தாங்குகிறதா என்று 500 வோல்ட் டி.சி. கொடுத்துப் பார்க்கிற மீட்டர் அது. எலெக்ட்ரானிக் சாமான்கள் மாட்டியிருந்தால் அவை கெடலாம், அளவும் தப்பாக வரும். அதனால்தான் கழற்றுவது. வயருக்கும் எர்த்துக்கும் இடையில் குறைந்தது 1 மெகாஓம் காட்ட வேண்டும். ஹால் பக்கம் 6 காட்டியது. படுக்கையறை 4. அடுப்படியும் குளியலறையும் சேர்ந்த லைனில் முள் கிட்டத்தட்டத் தரையில் படுத்துவிட்டது. 0.2.

"இந்தச் சுவத்துக்குப் பின்னாடி என்னம்மா இருக்கு?"

"குளிக்கிற ரூம்."

சித்தி சொன்னதும் அவர் போய்ச் சுவரைத் தடவினார். ஈரம். பிளாஸ்டிக் பட்டிக்குள் அதே 1979 அலுமினிய வயர், உறை பொரிந்து போய், கை வைத்தால் உதிர்ந்தது. அதோடு புதுசாகச் செம்பு வயரை முறுக்கி டேப் சுற்றியிருந்தது. அலுமினியமும் செம்பும் அப்படி நேராகச் சேர்ந்தால் காலப்போக்கில் அந்த இடம் சூடேறும். டேப் பிரவுன் நிறத்துக்கு மாறியிருந்தது. சித்தப்பா அந்த டேப்பைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை.

அடுத்தது எர்த். போர்டிலிருந்து போகிற ஜி.ஐ. கம்பியைப் பிடித்துக்கொண்டே போனோம். பின்கட்டில் தண்ணீர்க் குழாய்க்குப் போய், அதில் கிளாம்ப் போட்டு முடிந்தது. அந்தக் காலத்தில் பலரும் செய்ததுதான். இரும்புக் குழாய் பூமிக்குள் நெடுந்தூரம் போவதால் அதுவே எர்த்தாக வேலை செய்யும். ஆனால் பத்து வருஷத்துக்கு முன்னால் குழாய் துருப்பிடித்துப் போனதென்று பிளம்பர் பி.வி.சி. போட்டார். சுவருக்கு மேலே தெரிகிற மூன்றடி மட்டும் இரும்பு. கீழே பிளாஸ்டிக். பிளம்பருக்கு எர்த் பற்றித் தெரியாது, எலெக்ட்ரீஷியனுக்குக் குழாய் மாற்றியது தெரியாது. வீட்டில் இருந்தவர்களுக்கு இரண்டுமே தெரியாது. பழைய வீட்டில் இரும்புக் குழாயை மாற்றியவர்கள், உங்கள் எர்த் கம்பி எங்கே போய் முடிகிறது என்று இன்றைக்கே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பிறகு ஒவ்வொரு சாமானாக மெக்கரில் பார்த்தார். கிரைண்டர் 20 மெகாஓமுக்கு மேல். கடைக்காரர் சொன்னது சரி, கிரைண்டரில் ஒரு குறையும் இல்லை. ஃப்ரிட்ஜும் சுத்தம். கீசரில் வைத்தார். பூஜ்ஜியத்தை ஒட்டி நின்றது.

"காலையில யாரும்மா கீசர் போடுவாங்க?"

"ஐயாதான். அஞ்சரைக்குப் போட்டு ஏழு மணிக்கு நிறுத்துவாங்க" என்று சித்தி சொல்லும்போதே அவருக்கும் விளங்கிவிட்டது. வாயில் கை வைத்துக்கொண்டார்.

கீசருக்குள் இருக்கும் ஹீட்டிங் காயில் ஓட்டை விழுந்து, கரன்ட் அதன் உடம்புக்கு வருகிறது. உடம்பிலிருந்து எர்த் வயருக்குப் போகிறது. எர்த் வயர் பூமிக்குப் போகவில்லை, பி.வி.சி-யில் முட்டி நிற்கிறது. அதே எர்த் வயரில்தான் கிரைண்டரும் ஃப்ரிட்ஜும் தொங்குகின்றன. காப்பாற்ற வேண்டிய பச்சை வயர், குளியலறையில் இருந்த ஷாக்கைப் பத்திரமாக எடுத்துக்கொண்டு வந்து அடுப்படியில் பரிமாறியிருக்கிறது. நாலு வருஷமாக. காலையில் மட்டும்.

சித்தப்பா அந்த நாலு வருஷமும் அந்தக் கீசர் தண்ணீரில்தான் குளித்துக்கொண்டிருந்தார். பிளாஸ்டிக் வாளியும், பிளாஸ்டிக் குழாயும், அவர் மரப்பலகை மேல் உட்கார்ந்து குளிக்கிற பழக்கமும் சேர்ந்து அவரைக் காப்பாற்றியிருக்கலாம். மூட்டுவலிக்காகப் போட்ட பலகை அது.

சும்மா சும்மா விழுந்தது ஏன்?

கரன்ட் மாமா மேல் எனக்குக் கோபம் இருந்தது. மெக்கர்காரத் தம்பிக்கு அது இல்லை. "அவரு சொன்னது பொய்யில்ல சார், நிஜமாவே விழுந்திருக்கும்" என்றார்.

காரணம் இன்வெர்ட்டர். பல வருஷத்துக்கு முன்னால் கடைக்காரர் அதை மாட்டும்போது, மெயின் சுவிட்சுக்குப் பக்கத்திலேயே ஃபேஸை எடுத்து இன்வெர்ட்டருக்குக் கொடுத்து, அங்கிருந்து ஃபேன், லைட்டுக்கு அனுப்பியிருந்தார். திரும்பி வருகிற நியூட்ரல் மட்டும் வீட்டின் பொது நியூட்ரலில் சேர்ந்துவிட்டது. கரன்ட் மாமா போட்ட ஆர்.சி.சி.பி. இந்த இரண்டுக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தது. ஃபேன் போட்டால் கரன்ட் அதன் வழியாகப் போகவில்லை, ஆனால் திரும்பி வருகிறது. கணக்குப்பிள்ளைக்குக் கணக்கு உதைக்கிறது. விழுகிறார். அவர் மேல் தப்பே இல்லை.

இன்வெர்ட்டர் இல்லாத வீடு இப்போது நம் ஊரில் குறைவு. 'ஆர்.சி.சி.பி. போட்டேன், தொந்தரவு, எடுத்துவிட்டேன்' என்கிற வீடுகளில் பாதிக்கு மேல் இந்தக் கதைதான் இருக்கும் என்பது என் அனுமானம். வழி இருக்கிறது. இன்வெர்ட்டர் லைனுக்கு நியூட்ரலைத் தனியாகப் பிரித்து, இன்வெர்ட்டருக்குப் பின்னால் அதற்கென்று தனியாக ஒரு ஆர்.சி.சி.பி. போட வேண்டும். அப்போதுதான் கரன்ட் போன நேரத்தில், பேட்டரியில் ஓடும்போதும் பாதுகாப்பு இருக்கும். அரை நாள் வேலை. அதைச் செய்யச் சோம்பல்பட்டு உயிர்க்காவலைக் கழற்றிவிடுகிறோம்.

இன்னொன்றும் கண்டுபிடித்தார், அதை நினைத்தால் எனக்கு இன்னமும் கோபம் வருகிறது. வாஷிங்மெஷின் பாயின்ட் முன்பு இரண்டு பின் பாயின்ட்டாக இருந்தது, எர்த் வயரே கிடையாது. அதை மூன்று பின்னாக மாற்றியபோது, நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு வயரை எர்த் ஓட்டைக்குக் கொடுத்து ஒப்பேற்றியிருந்தார்கள். எங்காவது அந்த நியூட்ரல் அறுந்தால் மெஷினின் உடம்பு முழுக்க 230 வோல்ட். இந்தப் போலி எர்த்தை, கடைகளில் விற்கும் மூன்று விளக்கு சாக்கெட் டெஸ்டர்கூடக் காட்டிக்கொடுக்காது. 'சரி' என்றே விளக்கு எரியும். கழற்றிப் பார்த்தால்தான் தெரியும்.

செய்ததும் செய்யாததும்

முழு வீட்டையும் புது வயர் போட்டு மாற்றுவதுதான் சரி. ஆனால் போன வருஷம்தான் சுவர் அடித்து, பெயின்ட் அடித்திருக்கிறது. தம்பியிடம் மறுபடி அவ்வளவு பணம் கேட்கச் சித்திக்கு வாய் வரவில்லை. எனவே எது முதலில் என்று உட்கார்ந்து பேசினோம்.

முதலில் எர்த். தோட்டத்தில் புதுக்குழி. முன்பெல்லாம் எட்டடி ஜி.ஐ. பைப்பை இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போடுவார்கள். கோடையில் தண்ணீர் ஊற்ற மறந்தால் அது பலவீனமாகும். இப்போது செம்பு பூசிய ராடும், ஈரம் காக்கிற பொடியும் வருகின்றன. அதைப் போட்டார். குழி மூடியதும் எர்த் டெஸ்டரால், தோட்டத்தில் இரண்டு கம்பிகளைத் தள்ளித் தள்ளி நட்டு அளந்தார். 6 ஓம். டெல்டா மண், ஈரத்துக்குக் குறைவில்லை.

இரண்டாவது, அடுப்படிக்கும் குளியலறைக்கும் புதுச் செம்பு வயர். சாதாரண பாயின்ட்டுகளுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர், கீசருக்குத் தனியாக 4. எல்லாவற்றுக்கும் பச்சை வயர் கூடவே. வயருக்கு ஏற்ற எம்.சி.பி. இதில் ஒன்று சொல்ல வேண்டும்: பெட்டியில் 32 ஆம்பியர் எம்.சி.பி. ஒன்று, 1.5 வயரைக் காவல் காத்துக்கொண்டிருந்தது. 16 போட்டால் அடிக்கடி விழுகிறதென்று பெரிசாக மாற்றியிருக்கிறார்கள். சித்தப்பாவின் நாலு இழை ஃப்யூஸ் கம்பிதான் இது, சட்டை மட்டும் புதுசு. எம்.சி.பி. விழுந்தால் சுமையைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் வயரைத் தடிப்பாக்க வேண்டும். எம்.சி.பி-யை மட்டும் பெரிதாக்கினால் அப்புறம் சுவருக்குள் இருக்கிற வயர்தான் ஃப்யூஸ்.

மூன்றாவது, ஆர்.சி.சி.பி. ஒன்றுக்குப் பதில் மூன்று: இன்வெர்ட்டர் லைனுக்கு ஒன்று, அடுப்படி - குளியலறைக்கு ஒன்று, மற்றதற்கு ஒன்று. ஒரே ஒன்றாக இருந்தால், குளியலறையில் கசிந்தாலும் வீடு முழுக்க இருட்டாகும். இருட்டில் படியிறங்கி விழுந்தால் அது வேறு விபத்து. தவிர, ஃப்ரிட்ஜ், கம்ப்யூட்டர், எல்.இ.டி. பல்பு எல்லாமே துளித்துளியாகக் கசியும். அத்தனையும் ஒன்றின் தலையில் விழுந்தால் அது காரணமில்லாமல் விழுகிறது என்ற கெட்ட பெயர் வாங்கும். வாஷிங்மெஷினும் இன்வெர்ட்டர் ஏ.சி-யும் இருக்கிற லைனுக்கு 'ஏ டைப்' கேட்டு வாங்கச் சொன்னார். சாதாரண 'ஏ.சி. டைப்' அந்த எலெக்ட்ரானிக் சாமான்களின் கசிவைச் சில சமயம் பார்க்கத் தவறும். ஒவ்வொன்றின் விலையும் ஒரு நல்ல மிக்ஸியின் விலைக்குள்தான்.

கீசரைக் கழற்றி வெளியே வைத்தோம். பழைய சாமான்காரரிடம் போடுவதற்கு முன் அதன் வயரை அடியோடு வெட்டச் சொன்னேன். எங்காவது இன்னொரு வீட்டில் அது மாட்டப்பட வேண்டாம்.

ஹாலும் படுக்கையறையும் பழைய வயரோடு அடுத்த கோடை வரை காத்திருக்கும். மெக்கர் அளவு இப்போதைக்குத் தாங்குகிறது, புது ஆர்.சி.சி.பி-யும் காவலுக்கு இருக்கிறது. வாஷிங்மெஷினுக்கு மட்டும் இப்போதே புது லைன் இழுத்தாகிவிட்டது. பணம் குறைவாக இருக்கிறவர்களுக்கு இந்த வரிசையையே சொல்வேன். மாடுலர் சுவிட்ச் கடைசி. ஆனால் பெரும்பாலான வீடுகளில் அதுதான் முதலில் வருகிறது, கண்ணுக்குத் தெரிவது அதுதானே.

வேலை முடிந்த பிறகும் அந்தத் தம்பி போகவில்லை. ஆரம்பத்தில் செய்த சோதனை அத்தனையையும் மறுபடி செய்தார். பச்சை வயர் ஒவ்வொரு பாயின்ட்டிலிருந்தும் குழி வரை அறுபடாமல் போகிறதா, சுவிட்ச் ஃபேஸில்தான் இருக்கிறதா, நியூட்ரலில் இருக்கிறதா, மெக்கர் என்ன காட்டுகிறது என்று ஒவ்வொன்றாக. பிறகு கரன்ட் கொடுத்து, ஒரு மீட்டரை பிளக்கில் சொருகி ஆர்.சி.சி.பி-களை விழவைத்துப் பார்த்தார். அடுப்படியில் இருப்பது 22 மில்லியாம்பியரில் விழுந்தது, 24 மில்லி நொடியில். இதை 'டி' பொத்தான் சொல்லாது. பொத்தான் அந்தச் சாதனத்தின் இயந்திரம் இறுகிப் போகவில்லை என்று மட்டும் சொல்லும். எர்த் இருக்கிறதா, வயர் சரியா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. இருந்தாலும் மாதம் ஒருமுறை அழுத்துங்கள். சித்தி அமாவாசைக்கு அமாவாசை என்று வைத்துக்கொண்டார்.

எல்லா அளவுகளையும் ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதன் நகலைப் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டினோம். அடுத்த தடவை அளக்கும்போது 6 ஓம் 20 ஆகியிருந்தால், 4 மெகாஓம் 1 ஆகியிருந்தால் அப்போது தெரியும். நீங்கள் வேலை கொடுக்கும்போதே, "மெக்கர் இருக்கா? எர்த் அளந்து எழுதிக் கொடுப்பீங்களா?" என்று கேளுங்கள். "அதெல்லாம் தேவையில்ல சார், முப்பது வருஷ அனுபவம்" என்று பதில் வந்தால் வேறு ஆளைத் தேடுங்கள். இந்தச் சோதனைகளை நீங்களே செய்து பார்க்க வேண்டாம். வீட்டுக்காரர் செய்ய வேண்டிய சோதனை அந்தப் பொத்தான் மட்டும்தான்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஆர்.சி.சி.பி. இருக்கிறதென்று மெயினை அணைக்காமல் பல்பு ஹோல்டருக்குள் கை விடாதீர்கள். ஒரு கையில் ஃபேஸையும் மறு கையில் நியூட்ரலையும் பிடித்தால், போன கரன்ட் அப்படியே திரும்பி வருகிறது. கணக்குச் சரியாக இருக்கிறது என்று அது பேசாமல் இருக்கும். உங்களை அது ஒரு பல்பாகவே நினைத்துக்கொள்ளும்.

ஐப்பசி மழையில் அடுப்படி ஆர்.சி.சி.பி. ஒரு தடவை விழுந்தது. சித்தி போன் போட்டார். குரலில் பழைய அலட்சியம் இல்லை. "ஒவ்வொரு பிளக்கா உருவிப் பாருங்க சித்தி" என்றேன். பின்கட்டில் மழைத் தண்ணீர் இறங்கிய மோட்டார் பிளக். அதை உருவியதும் நெம்புகோல் நின்றது. காய்ந்த பிறகு மாட்டினார்கள்.

தீபாவளிக்குப் பேத்தி வந்தாள். ஃப்ரிட்ஜ் கதவைப் பிடித்துத் தொங்கினாள், நாள் முழுக்க. சித்தி மட்டும் இன்னும் அந்த ரப்பர் செருப்பைத் தூக்கிப் போடவில்லை.

போன வாரம் கரன்ட் மாமா பேசினார். சித்தி வீட்டில் நடந்ததெல்லாம் தெருவுக்கே தெரிந்துவிட்டது, வருத்தமாக இருக்கிறாரோ என்று தயங்கித்தான் எடுத்தேன். அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசிவிட்டுக் கேட்டார்:

"ஏன் தம்பி, அந்தப் பையன் வெச்சிருந்தானே, மெக்கரு... அது என்ன விலை வரும்?"